உருகிய தண்ணீர் பனித்தகட்டை என்ன செய்கிறது? கிரீன்லாந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனித்தகடு என்று எதைச் சொல்கிறீர்கள்? இமயமலையில் இருப்பதும் அதுதானா?

இல்லை. இமயமலையில் இருப்பவை பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் பனியாறுகள். பனித்தகடு என்பது ஒரு பெரும் நிலப்பரப்பையே மூடிக் கிடக்கும் பனி. இன்றைக்கு உலகில் இரண்டுதான் உண்டு: கிரீன்லாந்து, அண்டார்டிகா. இங்கே பெரும்பாலும் கிரீன்லாந்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். மேலே உருகிய தண்ணீர் பனிக்குள் இறங்கி என்ன செய்கிறது என்பதை நேரில் போய் அளந்தது பெரும்பாலும் அங்கேதான். பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். நடுப்பகுதியில் தடிமன் 3 கிலோமீட்டருக்கும் மேல். அத்தனையும் உருகினால் உலகக் கடல்மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும்.

பனிக்கட்டி என்றாலே 0 டிகிரிதானே? அதற்கு வேறு என்ன வெப்பநிலை?

0 டிகிரி என்பது பனி உருகத் தொடங்கும் எல்லை. அதற்குக் கீழே பனி எவ்வளவு வேண்டுமானாலும் குளிர்ந்து கிடக்கலாம். கிரீன்லாந்தின் உச்சியில் மேற்பரப்புப் பனியின் ஆண்டுச் சராசரி கிட்டத்தட்ட மைனஸ் 30. ஆழம் போகப்போக நிலைமை மாறும். கீழே பாறையிலிருந்து புவிவெப்பம் வருகிறது, நகர்வின் உராய்வும் சூட்டைத் தருகிறது, மேலே கிடக்கும் பனி ஒரு போர்வையாக அந்தச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் கூடினால் பனி உருகும் வெப்பநிலை இறங்கும், ஒரு கிலோமீட்டர் தடிமனுக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக. நார்த்கிரிப் என்ற இடத்தில் 3,085 மீட்டர் ஆழத்தில், 2003-இல் துளை அடியைத் தொட்டபோது, அங்கே வெப்பநிலை சுமார் மைனஸ் 2.4 டிகிரி. அந்த அழுத்தத்தில் அதுவே உருகுநிலை. அடியிலிருந்து தண்ணீர் துளைக்குள் ஏறியது. இதற்கு நேர்மாறு வடமேற்கிலுள்ள கேம்ப் செஞ்சுரி. 1966-இல் 1,387 மீட்டர் துளைத்து அடியைத் தொட்டார்கள். அங்கே மைனஸ் 13. பனி பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரே பனித்தகட்டுக்கு அடியில் ஈரமான இடமும் உண்டு, உறைந்த இடமும் உண்டு.

சில டிகிரி கூடக் குறைய இருந்தால் நகர்வில் பெரிய வித்தியாசம் வருமா?

வரும், நினைப்பதைவிட அதிகமாகவே. பனித்தகடு இரண்டு விதமாக நகர்கிறது. ஒன்று, தன் எடையைத் தாங்க முடியாமல் பனியே உள்ளுக்குள் மெல்ல உருமாறி வழிவது. இன்னொன்று, அடியில் பாறையின் மேல் வழுக்குவது. முதல் விதத்தில் வெப்பநிலைதான் எஜமான். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்த மெழுகு வளையும், குளிர்ந்த மெழுகு வளையாது, பனியும் அப்படித்தான். அதே எடை, அதே சரிவு இருந்தாலும் மைனஸ் 10-இல் உள்ள பனியைவிட உருகுநிலையில் உள்ள பனி ஏறத்தாழ ஏழு மடங்கு வேகமாக உருமாறும். மைனஸ் 10-லிருந்து மைனஸ் 5-க்கு வந்தாலே இரண்டரை மடங்குக்கு மேல்.

வழுக்குவதற்கோ அடித்தளம் உருகுநிலையில் இருந்தாக வேண்டும். உறைந்து ஒட்டிய இடத்தில் வழுக்கலே கிட்டத்தட்ட இல்லை.

மேலே உருகும் தண்ணீர் ஒரு கிலோமீட்டர் கீழே எப்படிப் போய்ச் சேரும்? வழியிலேயே உறைந்துவிடாதா?

பல இடங்களில் உறைந்துதான் விடுகிறது. அந்த உறைதலே ஒரு தனிக்கதை, அடுத்த கேள்வியில் வருகிறது. ஆனால் தண்ணீர் போதிய அளவு சேர்ந்துவிட்டால் பனியைப் பிளந்துகொண்டே இறங்கும். தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,000 கிலோ, பனியின் அடர்த்தி சுமார் 917. ஆகவே ஒரு வெடிப்பு முழுக்கத் தண்ணீர் நின்றால், அதைச் சுற்றிய பனி வெடிப்பை மூடப் பார்க்கும் விசையைவிடத் தண்ணீர் அதைத் திறக்கும் விசை அதிகம். ஆழம் கூடக்கூட அந்த வித்தியாசமும் கூடும். தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் வெடிப்பு பாறை வரைக்கும் போகும்.

இதை நேரில் பிடித்தவர்கள் சாரா தாஸ், இயன் ஜோகின் குழுவினர். மேற்கு கிரீன்லாந்தில் பனியின் மேல் ஒவ்வொரு கோடையிலும் ஏரிகள் உருவாகும். அப்படி ஒரு ஏரியைச் சுற்றி அவர்கள் கருவிகளை வைத்துவிட்டு வந்திருந்தார்கள். 2006 ஜூலைக் கடைசியில் 5.6 சதுர கிலோமீட்டர் ஏரி, ஏறத்தாழ 4.4 கோடி கன மீட்டர் தண்ணீர், ஒன்றரை மணி நேரத்துக்குள் காலி. அந்த நேரத்தில் இறங்கிய நீரின் சராசரி வேகம் விநாடிக்கு 8,700 கன மீட்டர்; நயாகராவில் விழுவதைவிட அதிகம். அடியில் பனியின் தடிமன் 980 மீட்டர். பக்கத்தில் இருந்த ஜிபிஎஸ் கருவி 1.2 மீட்டர் மேலே எழும்பிற்று, பக்கவாட்டில் 80 சென்டிமீட்டர் நகர்ந்தது. அப்புறம் மெல்ல இறங்கி உட்கார்ந்தது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனியைத் தண்ணீர் தூக்கி நிறுத்தியது என்பதை முதல்முறை படிக்கிறவர்கள் எண்ணைத் திரும்ப ஒருமுறை பார்ப்பார்கள்.

ஏரி வடிந்த பிறகு அந்த வெடிப்பின் ஒரு பகுதி செங்குத்தான கிணறு போல நின்றுவிடும். மூலான் என்கிறார்கள். கோடை முழுக்க மேற்பரப்பு ஓடைகள் அதற்குள் விழுந்துகொண்டே இருக்கும்.

உருகுநீரே 0 டிகிரிதானே, அது எப்படிப் பனியைச் சூடாக்கும்?

நல்ல கேள்வி. தண்ணீரின் சூடு இங்கே முக்கியமே இல்லை. அது உறையும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம்தான் வேலை செய்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு கிலோ தண்ணீர் உறைந்தால் 334 கிலோஜூல் வெளிவரும். ஒரு கிலோ பனியை ஒரு டிகிரி சூடாக்க 2.1 கிலோஜூல் போதும். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோ தண்ணீர் உறைந்தால் சுமார் 160 கிலோ பனி ஒரு டிகிரி சூடாகும்.

இதைப் பனித்தகட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோவோம். 20 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு மீட்டர் அகல வெடிப்புகள் இருக்கின்றன, பனி மைனஸ் 10-இல் இருக்கிறது, ஒரு கோடையில் வெடிப்புகளில் தண்ணீர் நிரம்பி அப்படியே உறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு உறையும் தண்ணீர் 1,000 கிலோ. வெளிவரும் வெப்பம் 334 மெகாஜூல். அதைப் பகிர்ந்துகொள்ள 20 மீட்டர் பனி, அதாவது சுமார் 18,300 கிலோ. சூடேற்றம் எட்டு டிகிரிக்கு மேல். வெடிப்பிலிருந்து நடுவரைக்கும் 10 மீட்டர்தான் தூரம். அதை வெப்பம் கடக்கச் சில ஆண்டுகள் போதும். மைனஸ் 10-இல் இருந்த பனி, சில கோடைகளிலேயே உருகுநிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இது மேலோட்டமான கணக்குத்தான், எல்லா வெடிப்பும் அப்படி நிரம்பி உறையாது. ஆனாலும் விஷயத்தின் அளவு புரியும்.

காற்று சூடானால் பனியும் தானாகச் சூடாகுமே, தண்ணீர் எதற்கு?

சூடாகும், ஆனால் மிக மெதுவாக. பனி வெப்பத்தைச் சுமாராகத்தான் கடத்தும். கோடை, குளிர்காலம் என்ற மாற்றமே 10, 15 மீட்டர் ஆழத்துக்குக் கீழே தெரியாது. வெறும் கடத்தலால் ஒரு கிலோமீட்டர் பனிக்குள் மேற்பரப்பின் சூடு இறங்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கிரீன்லாந்தின் ஆழத்தில் இன்றும் கடைசிப் பனியுகத்தின் குளிர் தங்கியிருப்பது அதனால்தான்.

தண்ணீர் இந்தக் கால அளவையே உடைக்கிறது. தாமஸ் ஃபிலிப்ஸ், ஹரிஹர் ராஜாராம், கொன்ராட் ஸ்டெஃபன் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கணக்கிட்டுக் காட்டியது. வெப்பம் மேலிருந்து ஒரு கிலோமீட்டர் கடந்து வரத் தேவையில்லை; வெடிப்பிலிருந்து வெடிப்புக்குள்ள பாதித் தூரம் கடந்தால் போதும். ஆகவே பனித்தகட்டின் ஓரப் பகுதி சூடாவதற்கு ஆயிரம் ஆண்டுகள் வேண்டாம், சில பத்தாண்டுகள் போதும் என்பது அவர்கள் முடிவு. என்னைக் கேட்டால், உருகுநீர் பற்றிய பேச்சில் பொதுவெளியில் மிகக் குறைவாக அடிபடும் விஷயம் இதுதான். ஏரி ஒரே மாலையில் காணாமல் போவது படம் எடுக்கத் தோதானது; பனி உள்ளுக்குள் எட்டு டிகிரி சூடாவதைப் படம் எடுக்க முடியாது.

இந்தச் சூடேற்றத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. கோடை முடிந்தால் ஓடைகள் நின்றுவிடும், ஆனால் உள்ளே ஏறிய சூடு அடுத்த குளிர்காலத்தோடு போய்விடாது. எந்த மெதுவான கடத்தல் சூட்டை உள்ளே விட மறுத்ததோ, அதுவே இப்போது வெளியே விடவும் மறுக்கும்.

அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரும் சூட்டைத் தருமா?

தரும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 9.8 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். தண்ணீரை இரண்டு டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்க அது போதும். உள்ளுறை வெப்பத்தோடு ஒப்பிட்டால் அற்பம்தான். ஆனால் இது ஏற்கெனவே உருகுநிலையில் இருக்கும் அடித்தளத்தில் போய் இறங்குகிறது என்பதால் நேராகப் பனியை உருக்கும். மேற்கு கிரீன்லாந்தின் ஸ்டோர் பனியாற்றில் 2014 கோடையில் ரேடார் வைத்து அளந்தார்கள். நாளொன்றுக்கு 8.2 கோடி கன மீட்டர் தண்ணீர் அடிக்குப் போனதாக மதிப்பிட்டார்கள். உருகல் உச்சத்தில் அந்த வீழ்ச்சியின் திறன் சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையின் மின்னுற்பத்திக்கு ஒப்பாக இருந்தது. துளைக்குள் அளந்தபோது அடித்தளத்தில் தண்ணீர் 0.88 டிகிரி, அந்த ஆழத்துக்குரிய உருகுநிலையோ 0-வுக்குக் கீழே.

சரி, அடியில் தண்ணீர் போனால் கிரீன்லாந்து வழுக்கிக்கொண்டு கடலுக்குள் போய்விடுமா?

இந்தப் பயம் 2002-இல் வந்தது, காரணமில்லாமலும் இல்லை. ஸ்டெஃபன் 1990-இல் பனியின் மேல் அமைத்த சுவிஸ் கேம்ப் என்ற முகாமில், ஜே ஸ்வாலி அவரோடு சேர்ந்து ஜிபிஎஸ் கொண்டு பனியின் வேகத்தை அளந்தார். குளிர்காலத்தில் நாளுக்கு சுமார் 31 சென்டிமீட்டர்; கோடையில் உருகல் உச்சத்தில் சுமார் 40. அங்கே பனி ஒரு கிலோமீட்டருக்கு மேல் தடிமன். அதுவரை அவ்வளவு தடித்த பனியில் மேற்பரப்புத் தண்ணீர் அடிவரை போய் வேகத்தை மாற்றும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உருகல் கூடினால் வழுக்கல் கூடும், வழுக்கல் கூடினால் பனி தாழ்வான சூடான இடத்துக்கு வரும், அங்கே இன்னும் உருகும் என்று ஒரு சுழலைப் பலரும் அப்போதே போட்டுவிட்டார்கள்.

நடந்தது வேறு. கோடையின் தொடக்கத்தில் அடியில் தண்ணீர் போக வழி கிடையாது. பாறைமேட்டுக்குப் பின்னால் உள்ள சின்னச் சின்னப் பொந்துகளில் தேங்கி நிற்கும். அழுத்தம் ஏறும், பனியின் எடையில் ஒரு பங்கைத் தண்ணீர் சுமக்கும், உராய்வு குறையும், வேகம் கூடும். ஆனால் தண்ணீர் ஓடஓட, ஓட்டத்தின் சூட்டிலேயே சுவரை உருக்கித் தனக்கு வாய்க்கால் வெட்டிக்கொள்ளும். வாய்க்கால் பெரிதானால் தண்ணீர் எளிதாக வெளியேறும், அழுத்தம் இறங்கும், பனி மறுபடி பாறையில் அழுந்தும். அதே ஆண்டு ஆகஸ்டில், ஜூனில் விழுந்த அதே அளவு தண்ணீர் விழுந்தாலும், வேகம் ஜூன் மாதத்தைப் போல இருக்காது. குளிர்காலத்தில் தண்ணீர் நின்றவுடன் மேலிருக்கும் பனியின் எடை வாய்க்காலை மூடிவிடும். அடுத்த கோடையில் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே எவ்வளவு தண்ணீர் என்பதைவிட, எவ்வளவு திடீரென்று வருகிறது என்பதே முக்கியம். கிறிஸ்டியன் ஷூஃப் 2010-இல் இதைக் கணித வழியில் தெளிவாக்கினார். சீராக வரும் பெருவெள்ளத்துக்கு வாய்க்கால் பழகிவிடும். ஒரே நாளில் கொட்டும் மழையோ வடியும் ஏரியோதான் அதைத் திணறடிக்கும்.

2015-இல் ஆண்ட்ரூ டெட்ஸ்டோன் குழு பெரிய பரப்பில் கணக்குப் பார்த்தது. தென்மேற்கு கிரீன்லாந்தில் நிலத்திலேயே முடியும் பகுதிகள் 2007 முதல் 2014 வரையான காலத்தில், 1985–1994 காலத்தைவிடச் சராசரியாக 12 சதவீதம் மெதுவாக நகர்ந்தன. அதே இடைவெளியில் உருகுநீர் பாதிப் பங்கு கூடியிருந்தது. தண்ணீர் கூடியும் வேகம் குறைந்தது.

அப்படியானால் உருகுநீரால் ஆபத்து இல்லை என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. டெட்ஸ்டோன் அளந்தது ஓரத்தில், நிலத்தில் முடியும், அடித்தளம் ஏற்கெனவே ஈரமான இடங்களை. உயரமான உட்பகுதியில் பனி தடிமன், சரிவு குறைவு. அங்கே வாய்க்கால் சரியாக உருவாகாது, உருவானாலும் சீக்கிரம் நசுங்கிவிடும். தென்மேற்கில் 1,840 மீட்டர் உயரத்தில் 2009 முதல் 2012 வரை அளந்தபோது வேகம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. கூடியது சில சதவீதம்தான், ஆனால் திரும்பிக் குறையவில்லை.

அதோடு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடித்தளம் இன்னும் பாறையோடு உறைந்து கிடக்கிறது என்பது இப்போதைய மதிப்பீடு. ஏரிகள் இப்போது முன்னைவிட உயரமான இடங்களில் உருவாகின்றன. உறைந்த அடித்தளத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் முதலில் நடப்பது வழுக்கல் அல்ல, சூடேற்றம். வழுக்கல் அதற்கப்புறம். முன்பு வழுக்கவே முடியாத இடம் வழுக்கத் தொடங்கினால் தண்ணீர் வாய்க்கால் வெட்டிக்கொண்டு வெளியேறிவிடும் என்ற சமாதானம் எல்லாம் அங்கே செல்லுமா என்பது தனிக் கேள்வி. வழுக்கல் பயம் மிகையாகப் போனது, சூடேற்றம் கவனத்துக்கே வராமல் போனது என்பதே என் எண்ணம்.

கடலில் முடியும் பனியாறுகளிலும் இதே கதைதானா?

அங்கே கடல்தான் பெரிய ஆள். இலுலிசாட் நகருக்குப் பக்கத்திலுள்ள யாக்கோப்ஷாவ்ன் பனியாறு 1990-களில் ஆண்டுக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தது. 2003-இல் 12-க்கு மேல். 2012 கோடையில் ஒரு கட்டத்தில் நாளுக்கு 46 மீட்டர். காரணம் வெதுவெதுப்பான கடல்நீர் வந்து அதன் மிதக்கும் நாக்கை அரித்தது. 2016-க்குப் பிறகு குளிர்ந்த கடல்நீர் வந்தபோது கொஞ்ச காலம் வேகம் குறைந்ததும் அதற்குச் சாட்சி.

உருகுநீருக்கு இங்கே ஒரு துணைவேடம் உண்டு. அடியில் ஓடி வந்த நன்னீர், கடலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் பனிச்சுவரின் காலடியில் வெளிவரும். உப்புநீரைவிட லேசானது என்பதால் சுவரை ஒட்டியே மேலே பாயும். போகிற போக்கில் ஆழத்துக் கடல்நீரையும் இழுத்துக்கொண்டு வந்து சுவர் மீது தேய்க்கும். சுவர் அடியில் கரைந்தால் மேலே உள்ளது உடைந்து விழும்.

வெடிப்பே இல்லாத உயரமான பகுதியில் உருகும் தண்ணீர் என்ன ஆகும்?

பல ஆண்டுப் பனிப்பொழிவு இறுகிய, இன்னும் காற்றிடைவெளி உள்ள அடுக்குக்குள் கசியும். கிரீன்லாந்தின் உருகுநீரிலும் மழைநீரிலும் சேர்த்துப் பாதிக்குச் சற்றுக் குறைவானது கடலுக்குப் போகாமல் இப்படித் தங்கிவிடுகிறது என்பது மதிப்பீடு. தங்கி உறையும்போது மறுபடி அதே உள்ளுறை வெப்பம், ஆகவே அந்த அடுக்கு காற்றைவிட வேகமாகச் சூடாகிறது. தென்கிழக்கில் 2011-இல் துளையிட்டபோது குளிர்காலம் முடியும் நேரத்திலும் உறையாத தண்ணீர் உள்ளே நின்றது. மேலே விழும் கனத்த பனி குளிரை உள்ளே விடாததால் அப்படி. மேற்கில் நிலைமை வேறு: தண்ணீர் திரும்பத் திரும்ப உறைந்து, பல மீட்டர் தடித்த கெட்டிப் பலகையாகிவிட்டது. அதற்குப் பிறகு விழும் உருகுநீருக்கு உள்ளே இடமில்லை. மேலேயே ஓடிக் கடலைச் சேர்கிறது.

2012 ஜூலையில் சில நாட்கள் கிரீன்லாந்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ முழுவதும் உருகியது. அதே ஜூலையில் மேற்கு கிரீன்லாந்திலுள்ள காங்கெர்லுசுவாக்கில் வாட்சன் ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. 2021 ஆகஸ்ட் 14-ஆம் தேதி 3,216 மீட்டர் உயரமுள்ள உச்சி நிலையத்தில் மழை பெய்தது; அங்கே பதிவான முதல் மழை அதுதான்.

அண்டார்டிகாவில்?

மேற்பரப்பு உருகல் மிகக் குறைவு. அடியில் தண்ணீர் நிறைய உண்டு, நூற்றுக்கணக்கான ஏரிகள் இருக்கின்றன, ஆனால் அவை புவிவெப்பத்தாலும் உராய்வாலும் உருவானவை. மேலே உருகும் தண்ணீர் அங்கே வேலையைக் காட்டுவது மிதக்கும் பனி அடுக்குகளில். 2002 தொடக்கத்தில் லார்சன்-பி அடுக்கின் மேல் குளம் குளமாகத் தண்ணீர் நின்றது, வெடிப்புகளைப் பிளந்தது. சில வாரங்களில் 3,250 சதுர கிலோமீட்டர் நொறுங்கிப் போயிற்று. மிதந்த பனி உடைந்ததால் கடல்மட்டம் உயராது. ஆனால் பின்னால் இருந்த ஹெக்டோரியா, கிரீன், இவான்ஸ் பனியாறுகளுக்குத் தடுப்பு போய்விட்டது. அடுத்த ஆண்டுக்குள் அவை எட்டு மடங்கு வேகமெடுத்தன.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

வெந்நீர் பாய்ச்சித் துளை போட்டு, வெப்பநிலை உணரிகள் கோத்த கம்பியை இறக்குகிறார்கள். துளை சில நாட்களில் உறைந்துவிடும், கம்பி உள்ளேயே நிற்கும். வேகத்துக்கு ஜிபிஎஸ், செயற்கைக்கோள், அடிக்கு ரேடார். ஆட்கள் போய்த்தான் ஆகவேண்டும், அது ஆபத்தான வேலையும்கூட. கொன்ராட் ஸ்டெஃபன் 2020 ஆகஸ்டில் சுவிஸ் கேம்ப் அருகே பனிப்பிளவில் விழுந்து இறந்தார். அதில் தண்ணீர் நின்றிருந்தது.

கிரீன்லாந்து இழக்கும் பனியால் எந்தக் கரையில் கடல் அதிகம் உயரும்?

பலரும் கிரீன்லாந்துக் கரையில்தான் என்று நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். அவ்வளவு பெரிய பனிநிறை தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுப்பும் குறையும், தண்ணீர் விலகிப்போகும். எடை இறங்கியதால் அங்கே நிலமும் மேலெழும். ஆகவே கிரீன்லாந்தின் கரையில் கடல்மட்டம் இறங்கும். விலகிய தண்ணீர் தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களில் சேரும். கிரீன்லாந்து பனியால் மட்டும் வரும் உயர்வைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால், சென்னைக்கும் கொழும்புக்கும் வரும் பங்கு உலகச் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதல்.